மீன்பிடிப்பில் சிக்கும் ஓங்கில், திமிங்கில எண்ணிக்கையை மதிப்பிடுதல்

மீனுக்காக விடப்படும் வலையிலும் தூண்டிலிலும் ஓங்கில்கள், கடற்பன்றிகள், திமிங்கிலங்கள் ஆகியவை எதிர்பாராமல் சிக்கிக்கொள்வது உடன்பிடிப்பு எனப்படும். செய்தித்தாள்களில் டால்பின் என்று எழுதப்படுவதே ஓங்கில். ஒரு கடற்பகுதியில் ஓராண்டில் இவ்வாறு எத்தனை விலங்குகள் இறக்கின்றன என்பதை, நேரில் கண்ட மிகச் சிலவற்றை வைத்துக் கணக்கிட்டுச் சொல்வது உடன்பிடிப்பு மதிப்பீடு ஆகும். கடலில் நடக்கும் இறப்புகளில் பெரும்பாலானவற்றை எவரும் பதிவு செய்வதில்லை. ஆகவே இத்துறையில் வெளிவரும் பெரிய எண்கள் ஏறத்தாழ எல்லாமே பெருக்கிப் பெறப்பட்டவை. எதை எதனால் பெருக்கினார்கள் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணின் தகுதி தெரியும்.

சிக்குவதன் காரணம்

ஓங்கிலும் திமிங்கிலமும் மீன்கள் அல்ல. நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டிகள். மூச்சு வாங்க மேலே வர முடியாதபடி வலை பிடித்துக்கொண்டால் சிறிது நேரத்திலேயே மூச்சடைத்து இறந்துவிடுகின்றன. இதில் அதிகக் கேடு செய்வது செவுள் வலை. 1950களுக்குப் பின் பருத்தி நூல் போய் நைலான் வந்தது. வலை மெலிந்தது, நீண்டது, விலையும் குறைந்தது. ஓங்கில் ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் வழியறியும் விலங்கு. ஆனால் மெல்லிய நைலான் இழையிலிருந்து திரும்பும் எதிரொலி மிகவும் வலுக்குறைந்தது. தவிர, வலையில் சிக்கிய மீனும் ஓங்கிலின் இரையே என்பதால் அது வலையைத் தேடியே வருவதும் உண்டு.

அடிப்படைக் கணக்கு

முறை எளியது. மீன்பிடிப்பில் ஒரு பகுதியை நேரில் கவனித்து, ஒரு தடவை வலை விட்டால் எத்தனை ஓங்கில் சிக்குகிறது என்ற வீதத்தைக் காண வேண்டும். பிறகு அந்த வீதத்தை மொத்த மீன்பிடி முயற்சியால் பெருக்க வேண்டும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஒரு கரையோரத்துப் படகுகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் 20,000 தடவை வலை விடுகின்றன. அவற்றில் 400 தடவையைப் பார்வையாளர்கள் படகில் இருந்து கவனித்தனர். 6 ஓங்கில்கள் இறந்தன. வீதம் 6 ÷ 400 = 0.015. மொத்த இறப்பு 0.015 × 20,000 = 300.

இந்த 300 என்ற விடையோடு நிறுத்திக்கொள்வது பிழை. அடுத்த ஆண்டும் அதே 400 தடவையைக் கவனித்தால் 6 என்பது 3 ஆகவோ 10 ஆகவோ இருக்கலாம். அரிய நிகழ்வுகளுக்குரிய பாய்சான் பரவலைக் கொண்டு கணக்கிட்டால், 6 என்ற எண்ணிக்கைக்கு 95 விழுக்காடு நம்பக வரம்பு ஏறத்தாழ 2.2 முதல் 13 வரை வரும். அதையும் 50 ஆல் பெருக்கினால் இறப்பு 110 முதல் 650 வரை எங்கும் இருக்கலாம் என்றாகிறது. அதுவும் ஒவ்வோர் ஓங்கிலும் தனித்தனியாகச் சிக்கியது என்று கொண்டால்தான். ஓங்கில்கள் கூட்டமாகத் திரிபவை. ஆறில் நான்கு ஒரே வலையில் சிக்கியிருந்தால் வரம்பு இன்னும் விரியும். நாளிதழ்களில் வருவது பெரும்பாலும் நடுவிலுள்ள 300 மட்டுமே.

பெருக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. முயற்சியைப் படகின் எண்ணிக்கையால் அளப்பதா, பயண நாளால் அளப்பதா, வலையின் நீளத்தாலும் அது நீரில் கிடந்த நேரத்தாலும் அளப்பதா? கடைசியாகச் சொன்னதே சிறந்தது. ஆனால் அந்தப் பதிவு பெரும்பாலான நாடுகளில் இல்லை. ஆகவே கரைக்கு வந்த மீனின் எடையைப் பதிலாகக் கொண்டு, ஆயிரம் டன் மீனுக்கு இத்தனை ஓங்கில் என்று கணக்கிடுகின்றனர். மீன் குறைந்து, அதே அளவு மீனைப் பிடிக்கவே இரட்டிப்பு நீள வலை தேவைப்படும் காலத்தில் இந்த அளவுகோல் ஏமாற்றும்.

சுழியம் என்று பதிவானால்

மேற்கண்ட 400 தடவையில் ஓர் ஓங்கில்கூடச் சிக்கவில்லை என்று வைத்துக்கொண்டால் என்ன? உடன்பிடிப்பே இல்லை என்று அறிக்கை எழுதுவது வழக்கம். புள்ளியியல் அவ்வாறு சொல்வதில்லை. இங்கே மூன்றின் விதி என்ற எளிய விதி உதவும். பல தடவை நோக்கியும் ஒன்றும் காணப்படாவிட்டால், உண்மை வீதத்தின் 95 விழுக்காட்டு மேல் வரம்பு, மூன்றை நோக்கிய தடவைகளால் வகுத்தால் வரும் எண்ணாகும். 3 ÷ 400 = 0.0075. இதை 20,000 ஆல் பெருக்கினால் 150. அதாவது ஒன்றையும் காணாத நிலையிலும், ஆண்டுக்கு 150 வரை இறந்திருக்க இடமுண்டு.

வேறு வழியிலும் இதைப் பார்க்கலாம். உண்மையில் ஆயிரம் தடவைக்கு ஒரு விலங்கு சிக்குகிறது என்றால் ஆண்டில் 20 இறக்கும். அப்போது 400 தடவை கவனிப்பவர் ஒன்றையும் காணாமல் திரும்ப ஏறத்தாழ 67 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. இனம் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அது பதிவேட்டில் தென்படாமலே அழியக்கூடும்.

தரவு கிடைக்கும் வழிகள்

படகில் பயிற்சி பெற்ற பார்வையாளரை அனுப்புவதே நம்பகமான வழி. செலவு அதிகம், சிறு படகில் கூடுதலாக ஓர் ஆளுக்கு இடமும் இருக்காது. இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்குக் கேட்பதே 5 விழுக்காடு கவனிப்புத்தான். பார்வையாளர் இருக்கும் நாளில் படகோட்டி வேறு இடத்தில் வலை விடுவதும் உண்டு. தேர்தல் பார்வையாளர் வந்த தெரு போல அன்று எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

மீன் இறங்குதளத்தில் நின்று எண்ணுவது மலிவான வழி. ஆனால் கரைக்கு வருவதை மட்டுமே அங்கு எண்ண முடியும். மீனவர்களை நேர்கண்டு கேட்பதும் பயன் தரும். எந்தப் பருவத்தில், எந்த வலையில் எது சிக்குகிறது என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆண்டுக்கு எத்தனை என்ற கேள்விக்கு மட்டும் நினைவும் அச்சமும் குறுக்கே வரும்.

டென்மார்க்கில் 2010 அளவில் செவுள் வலைப் படகுகளில் கேமரா பொருத்திச் சோதித்தனர். மீனவர் தாமே எழுதிய பதிவேட்டைவிடக் கேமராவில் கூடுதலான கடற்பன்றிகள் பதிவாயின. அவர்கள் பொய் எழுதினார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. வலையை இழுக்கும்போது சில உடல்கள் படகில் ஏறுமுன் நழுவி நீரில் விழுந்துவிடுகின்றன. வலையிலேயே கண்ணாயிருப்பவர் அதைக் கவனிப்பதில்லை.

கரையொதுங்கும் உடல்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் முறை பிரான்சின் பிஸ்கே விரிகுடாவில் வளர்ந்தது. காற்று, நீரோட்டம் ஆகியவற்றைக் கொண்டு, ஓர் உடல் எங்கிருந்து மிதந்து வந்திருக்கும் என்று கணினி வழி காண்கின்றனர். வலையில் இறந்த ஓங்கில்களுக்கு அடையாளப் பட்டை கட்டிக் கடலிலேயே விட்டும் பார்த்தனர். மிதந்தவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு, மற்றவை மூழ்கிவிட்டன. ஆகவே கரையில் கண்ட ஒவ்வோர் உடலுக்கும் காணாத பல உடல்கள் உண்டு. இவ்வாறு பெற்ற மதிப்பீடுகள் வழக்குமன்றம் வரை சென்றன. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2023 மார்ச்சில் ஆணையிட்டதை அடுத்து, 2024 ஜனவரி 22 முதல் பிப்ரவரி 20 வரை விரிகுடாவில் பல வகை மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது.

மூன்று லட்சம் என்ற எண்

உலகில் ஆண்டுதோறும் மூன்று லட்சம் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் வலையில் இறக்கின்றன என்ற செய்தியைப் பலர் படித்திருப்பர். ஆண்ட்ரூ ரீட், பில் டிரிங்கர், சைமன் நார்த்ரிஜ் ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே அதன் மூலம். 1990களில் அமெரிக்க மீன்பிடிப்பில் பார்வையாளர்கள் சேகரித்த தரவின்படி, ஆண்டுச் சராசரியாக 3,029 ஓங்கில், திமிங்கில இனங்கள் இறந்தன. உலக மீன்பிடிக் கலங்களின் எண்ணிக்கையோடு அமெரிக்கக் கலங்களை ஒப்பிட்டு அதை விரித்தபோது கிடைத்தது 3,07,753.

எண்ணின் கடைசி இலக்கம் வரை துல்லியம் போலத் தோன்றினாலும் இது பருமட்டான கணக்கே என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். அமெரிக்கச் செவுள் வலைப் படகும் ஓமான் நாட்டுச் செவுள் வலைப் படகும் ஒன்றல்ல. வேறு வழி இல்லாததால் செய்யப்பட்ட கணக்கு அது. ஆயினும் சிக்கல் எத்தனை பெரியது என்பதை உலகுக்கு உணர்த்தியது. இதைப் பயன்படுத்துவோர், இது 1990களின் அமெரிக்கத் தரவில் நின்று விரித்த மதிப்பீடு என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை.

இந்தியப் பெருங்கடல்

இந்தியப் பெருங்கடலில் பிடிபடும் சூரை மீனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செவுள் வலையில் வருகிறது. வேறு எந்தப் பெருங்கடலிலும் சூரை மீன்பிடிப்பில் இவ்வலைக்கு இத்தனை பங்கு இல்லை. பன்னாட்டுக் கடலில் 2.5 கிலோமீட்டரைவிட நீண்ட மிதக்கும் வலைகளை நிறுத்த ஐ.நா. பொதுச் சபை 1991இல் தீர்மானித்தது. அதைவிடப் பல மடங்கு நீளமான வலைகள் இக்கடலில் பின்னரும் விடப்பட்டன.

சார்லஸ் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் இக்கடலுக்கான முதல் விரிவான மதிப்பீட்டை வெளியிட்டனர். அவர்களிடம் இருந்தவை ஆஸ்திரேலியா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளில் 1981 முதல் 2016 வரை வெவ்வேறு காலத்தில் நடந்த பத்து மாதிரி ஆய்வுகள். ஆயிரம் டன் சூரைக்கு இத்தனை ஓங்கில் என்ற வீதத்தை அவற்றிலிருந்து கண்டு, ஒவ்வொரு நாட்டின் செவுள் வலைச் சூரைப் பிடிப்பாலும் பெருக்கினர். 1950 முதல் 2018 வரை இறந்தவை ஏறத்தாழ 41 லட்சம். 2004–2006 காலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை நெருங்கிய இறப்பு, பின்னர் 80,000 அளவுக்குக் குறைந்தது. முதல் ஐந்து இடங்களில் ஈரான், இந்தோனேசியா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் ஆகியவை வருகின்றன.

குறைந்தது நற்செய்தி என்று மேலோட்டமாகப் படிப்பவர் எண்ணக்கூடும். அந்தக் காலத்தில் வலைகள் குறையவில்லை, பெருகின. வலை பெருகியும் சிக்குவது குறைகிறது என்றால், கடலில் ஓங்கில்களே குறைந்துவிட்டன என்பதே நிகழக்கூடிய விளக்கம். சிறு ஓங்கில் இனங்களின் எண்ணிக்கை 1980க்கு முந்தைய அளவில் 13 விழுக்காடாக இறங்கியிருக்கலாம் என்று அக்கட்டுரை கணிக்கிறது. கடலில் இறங்கி எண்ணிப் பெற்றதன்று இந்த 13. பிடிபடும் வீதம் வீழ்ந்ததிலிருந்து உய்த்தறிந்தது. எனவே இதைத் தனியாக எடுத்து மேற்கோள் காட்டும்போது கவனம் வேண்டும். அதே வேளை, வலையிலிருந்து தப்பிப் பின்னர் இறந்தவை, கரைக்குக் கொண்டுவராமல் எறியப்பட்டவை, கைவிடப்பட்ட வலைகளில் சிக்கியவை ஆகியன இக்கணக்கில் பெரும்பாலும் சேரவில்லை.

இலங்கையின் தரவு இச்சிக்கலை நன்றாகக் காட்டும். 1980களில் அங்கு இறங்குதளங்களில் ஓங்கில்களை எண்ணி வெவ்வேறு ஆய்வாளர்கள் தந்த ஆண்டு மதிப்பீடுகள் சில ஆயிரத்திலிருந்து பல பத்தாயிரம் வரை வேறுபட்டன. கரைக்கு வந்தவற்றில் மிகுதியானது துள்ளிச் சுழலும் இயல்புள்ள ஸ்பின்னர் ஓங்கில். வலையில் சிக்கியதற்கு முதலில் சந்தையில் விலை கிடைத்தது. பிறகு எறியீட்டியால் வேண்டுமென்றே குத்திப் பிடிப்பதும் சில இடங்களில் தொடங்கியது. கரையில் கிடக்கும் உடல்களை மட்டும் எண்ணுபவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

இந்தியாவில் சென்னை, காக்கிநாடா, மங்களூரு ஆகிய மூன்று இறங்குதளங்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. இந்தியக் கரையெங்கும் செவுள் வலைகளில் ஆண்டுக்கு 9,000 முதல் 10,000 வரை இறக்கக்கூடும் என்ற கணக்கு அதிலிருந்து வருகிறது. மூன்று இடங்களில் கண்ட சில பத்து உடல்களே அதன் அடிப்படை.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இவ்விலங்குகளை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. பிடித்தால் சிறை. விலங்குக்கு இது நல்ல பாதுகாப்பு. கணக்குக்கு இது பெரிய இடையூறு. தற்செயலாகச் சிக்கிய ஓங்கிலைக் கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு வரும் என்று அஞ்சும் மீனவர் அதை வெட்டி எடுத்துக் கடலிலேயே போட்டுவிடுகிறார். இறங்குதளப் பதிவில் எண் குறைகிறது, கடலில் இறப்பு குறைந்ததா என்று மட்டும் தெரிவதில்லை.

எவ்வளவு இறந்தால் அதிகம்

இறப்பு எண்ணைத் தனியே வைத்து முடிவு செய்ய இயலாது. லட்சக்கணக்கில் உள்ள இனத்தில் 300 இறப்பதும், ஆயிரம் மட்டுமே உள்ள இனத்தில் 300 இறப்பதும் ஒன்றல்ல. அமெரிக்கக் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தின் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஒரு சூத்திரம் தந்தது. குறைந்தபட்ச எண்ணிக்கை, இனப்பெருக்க வளர்ச்சி வீதத்தில் பாதி, மீட்சிக் காரணி ஆகிய மூன்றையும் பெருக்கினால் தாங்கக்கூடிய ஆண்டு இறப்பின் வரம்பு கிடைக்கும். திமிங்கில, ஓங்கில் இனங்களுக்கு வளர்ச்சி வீதம் பொதுவாக 0.04 என்று கொள்ளப்படும். மீட்சிக் காரணி 0.1 முதல் 1 வரை. அழிவை நெருங்கிய இனத்துக்கு 0.1.

முன் சொன்ன கற்பனைக் கரையில் 10,000 ஓங்கில்கள் உள்ளன, காரணி 0.5 என்றால், வரம்பு 10,000 × 0.02 × 0.5 = 100. அங்கே கணித்த இறப்பு 110 முதல் 650 வரை. கீழ் எல்லையே வரம்பைத் தாண்டுகிறது; நடவடிக்கை எடுக்கத் தயங்க வேண்டியதில்லை. 400 தடவையில் ஒன்றும் காணாத மற்றொரு கரையில் மேல் எல்லை 150. அதுவும் 100ஐ விடப் பெரிது. ஆகவே அங்கே பாதுகாப்பு உண்டு என்று சான்று தர இயலாது, இன்னும் கவனிக்க வேண்டும் என்றே சொல்ல முடியும்.

இந்தக் கணக்கு காலத்தோடு சொன்னதைக் கேளாத இடம் மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடா. வாகிட்டா என்ற சிறு கடற்பன்றி அங்கு மட்டுமே வாழ்கிறது. 1997இல் அதன் எண்ணிக்கை 567 என மதிப்பிடப்பட்டது. எல் கோல்ஃபோ தெ சாந்தா கிளாரா என்ற ஒரே ஊரின் செவுள் வலைகளில் ஆண்டுக்கு 39 இறக்கின்றன, வரம்பு 14 முதல் 93 வரை என்று 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. 567ஐ அப்படியே சூத்திரத்தில் இட்டாலும் தாங்கக்கூடிய இறப்பு ஆண்டுக்கு 1.1. கீழ் எல்லையான 14ஐ மட்டும் நம்பியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. செவுள் வலைக்கு அவசரத் தடை 2015இல் வந்தபோது எஞ்சியவை சுமார் 60. 2023 கணக்கெடுப்பில் கண்டவை 10 முதல் 13 என்று கணிக்கப்பட்டது.

மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கிழக்குப் பசிபிக்கில் மஞ்சள் துடுப்புச் சூரை ஓங்கில் கூட்டத்தின் கீழேயே நீந்தும். எனவே ஓங்கிலைச் சுற்றிச் சுருக்குமடி வலை வளைப்பது 1950களின் இறுதியில் வழக்கமாயிற்று. அறுபது லட்சம் வரை இறந்ததாக மதிப்பீடு. 1986இல்கூட ஆண்டு இறப்பு 1,30,000 அளவில் இருந்தது. பின்னர் பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் பார்வையாளர் அமர்ந்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் தனி இறப்பு வரம்பு விதிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் அவ்வாண்டு ஓங்கிலைச் சுற்றி வலை வளைக்கக் கூடாது. இறப்பு சில ஆயிரமாகவும் பிறகு அதற்கும் கீழாகவும் இறங்கியது. பெருக்கிப் பெறும் எண் அங்கே எண்ணிப் பெறும் எண்ணாக மாறிவிட்டது. பெரிய கப்பல்கள் சில நூறு மட்டுமே இருந்ததால் இது முடிந்தது; ஆயிரக்கணக்கான சிறு படகுகள் உள்ள நம் கடலுக்கு அப்படியே பொருந்தாது.

பெரிய திமிங்கிலங்கள்

பெரிய திமிங்கிலம் வலையோடும் கயிற்றோடும் பிய்த்துக்கொண்டு போய்விடும். பல மாதம் கழித்து எங்கோ இறக்கும். படகில் எண்ணும் முறை இங்கு உதவாது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்தில் உடல் தழும்புகளைப் புகைப்படங்களில் ஆராய்ந்து, 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை வாழ்வில் ஒரு முறையேனும் கயிற்றில் சிக்கியவை என்று கண்டனர். இந்த இனத்தில் ஒவ்வொரு விலங்கையும் அடையாளம் வைத்துள்ளதால் காணாமல் போனவற்றையும் கணக்கிட முடிகிறது. 1990–2017 காலத்து இறப்புகளில் உடலாகக் கண்டெடுக்கப்பட்டவை 36 விழுக்காடு மட்டுமே.

கணக்கு கேட்கும் சந்தை

அமெரிக்கா 2016இல் வெளியிட்ட விதி ஒன்று, தனக்கு மீன் விற்கும் நாடுகளின் மீன்பிடிப்பில் கடற்பாலூட்டி இறப்பைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அமெரிக்காவுக்கு ஒப்பாக இருக்க வேண்டும் என்கிறது. பலமுறை தள்ளிப்போடப்பட்ட பின் அதன் இறக்குமதித் தடைக்கு 2026 ஜனவரி 1 நாள் குறிக்கப்பட்டது. அமெரிக்கா செல்லும் இந்திய இறாலில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. கடலில் பிடிக்கும் மீன், நண்டு, கணவாய் ஆகியவற்றுக்கு இவ்விதி பொருந்தும். அதற்காகவே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கடல்சார் உற்பத்திப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ஆதரவுடன், இந்தியக் கடலில் ஓங்கில், திமிங்கில எண்ணிக்கையைக் கணக்கெடுத்து வருகிறது. இறப்பு எண்ணோடு இருப்பு எண்ணும் இல்லாமல் மேற்கண்ட சூத்திரம் வேலை செய்யாது.

பாகிஸ்தானில் படகுத் தலைவர்களே பயிற்சி பெற்றுப் பதிவு எழுதும் திட்டத்தை உலக இயற்கை நிதியத்தின் பாகிஸ்தான் பிரிவு நடத்தியது. வலையை நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் தாழ்த்தி விட்டால் ஓங்கில் சிக்குவது நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைகிறது என்பது அப்பதிவுகளால் தெரியவந்தது. அமெரிக்காவில் வணிக மீனவர், ஒரு கடற்பாலூட்டி சிக்கினால் பயணம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த தற்செயல் இறப்புக்குத் தண்டனை இல்லை. மகாராஷ்டிரம் 2018இல் தொடங்கிய திட்டத்தில், பாதுகாக்கப்பட்ட விலங்கை வலையை அறுத்து உயிரோடு விடும் மீனவருக்கு வலைச் சேதத்துக்கு ரூ.25,000 வரை இழப்பீடு உண்டு. அதற்குப் படமோ காணொளியோ எடுத்துக் காட்ட வேண்டும் என்பதால், எந்த இடத்தில் எந்த விலங்கு சிக்கியது என்ற பதிவும் கூடவே சேர்கிறது. வலையிலேயே இறந்துவிட்டவை மட்டும் அப்பதிவுக்கு வெளியே நிற்கின்றன.